பேட்ரிக் என்றொரு பெயர்

முன்னுரை

சென்ற மார்ச் மாதம் 17-ஆம் நாள் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் ஆண் குழந்தை பிறந்தது. மூன்று பெண் பிள்ளைகளுக்குப் பின் பிறந்த தம்பி. அன்று புனித பேட்ரிக்கின் திருநாள். பிள்ளை பிறந்த நாளில் எந்தப் புனிதரின் திருநாள் வருகிறதோ, அவர் பெயரையே பிள்ளைக்கு இடுவது நம் குடும்பங்களில் உள்ள பழைய வழக்கம். ஆகவே, "பேட்ரிக் என்றே வைத்துவிடலாம்" என்றார் தோழியின் தந்தையார். அங்கேதான் வழக்கு தொடங்கியது.

"இன்னா பேருடா இது? என் வாயில நுழையல. தொர பேரு மாதிரி கீது" என்றார் பாட்டி. "பள்ளிக்கூடத்துல பசங்க 'பேட்டரி'ன்னு கூப்பிடுவானுங்க" என்றார் மாமா. அம்மா மட்டும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை. பிறப்புச் சான்றிதழில் பெயருக்குரிய இடம் காலியாகவே இருந்தது. தவக்காலம் முடிந்து, உயிர்ப்புப் பெருவிழாவும் கடந்து, மே மாதத்தில் திருமுழுக்கு என்று நாள் குறித்தாயிற்று. பெயர்தான் முடிவாகவில்லை.

மாமா சொன்னதைக் கேட்டு, குழந்தையைப் பார்க்கப் போயிருந்த நாங்கள் நால்வரும் சிரித்துவிட்டோம். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டோம். அதற்குக் காரணம் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

நடந்ததை எங்களுக்குத் தமிழ் கற்பிக்கும் சகோதரியிடம் சொன்னோம். "இந்தப் பெயரைக் கேட்டதும் என்ன நினைவு வருகிறது என்று பத்துப் பேரிடம் கேளுங்கள். அந்த நினைவு எங்கிருந்து வந்தது என்றும் தேடுங்கள். விடுமுறைக்கு நல்ல வேலை" என்றார் சகோதரி. அதன் பயனே இக்கட்டுரை.

கேட்டறிந்தவை

காத்திவாக்கத்தில் எங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும், பிறகு நெட்டுக்குப்பத்திலும் கேட்டோம். விடைகள் பலவாறாக வந்தன.

இரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற தாத்தா ஒருவர், "எங்க காலத்துல ஆங்கிலோ இந்தியன் டிரைவருங்க இருப்பாங்க. ஞாயித்துக்கிழமை கோட்டு போட்டுக்கினு கோயிலுக்கு வருவாங்க. அவுங்க பேரும்மா அது" என்றார். வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், தலை நிமிராமலே, "சாமியார் பேரு" என்றார். மளிகைக் கடை அண்ணாச்சிக்கு அடையாற்றில் உள்ள பள்ளிக்கூடம் நினைவுக்கு வந்தது. மட்டையும் கையுமாக நின்ற பையன்கள், "பேட் கம்மின்ஸ்!" என்று ஒரே குரலில் கூவினார்கள். 2023-ஆம் ஆண்டு அகமதாபாத்தில் உலகக் கோப்பையை வென்ற ஆஸ்திரேலிய அணியின் தலைவர் அவர். அவருடைய முழுப் பெயரில் பேட்ரிக் இருக்கிறது. எங்களுள் ஒருத்தியின் தம்பியோ, தொலைக்காட்சியில் ஸ்பாஞ்ச்பாப் படத்தில் வரும் நட்சத்திர மீனின் பெயர் என்று சொல்லி, அதைப் போலவே வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடந்து காட்டினான்.

துரை, ஓட்டுநர், சாமியார், பள்ளிக்கூடம், பந்து வீச்சாளர், நட்சத்திர மீன்! பெயர் ஒன்றுதான், கேட்டவர் மனத்தில் தோன்றிய உருவங்களோ இத்தனை. அயர்லாந்து என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் எங்கள் சகோதரி ஒருவரே.

அடிமைச் சிறுவனின் பெயர்

பேட்ரிக் என்பது அயர்லாந்து நாட்டுப் பெயர் என்று உலகமே எண்ணுகிறது. ஆனால் அது பிறப்பால் அயர்லாந்துச் சொல் அன்று. 'பத்ரிசியுஸ்' என்னும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. உயர்குடியில் பிறந்தவர் என்பது அதன் பொருள். அப்பெயரைத் தாங்கிய புனிதரும் அயர்லாந்தில் பிறந்தவர் அல்லர். ஐந்தாம் நூற்றாண்டில், உரோமையர் ஆட்சியில் வளர்ந்த பிரிட்டன் நாட்டுக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை திருத்தொண்டர், பாட்டனார் குரு.

ஏறத்தாழப் பதினாறு வயதில் அவரைக் கடற்கொள்ளையர் பிடித்துச் சென்று அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். நம்மைவிட ஓராண்டு மூத்தவர், அவ்வளவுதான். ஆறு ஆண்டுகள் அந்நிய நாட்டில் மந்தை மேய்த்தார். குளிரிலும் மழையிலும் இருந்துகொண்டு செபிக்கக் கற்றார். பிறகு தப்பி, நெடுந்தொலைவு நடந்து, கப்பலேறி வீடு திரும்பினார். தாய் தந்தையர், 'இனி எங்களை விட்டுப் போகாதே' என்று மன்றாடினார்கள். ஆயினும் அயர்லாந்து மக்கள் தம்மை மீண்டும் அழைப்பதாகக் கனவு கண்டு, குருவாகி, ஆயராகி, தம்மை அடிமைப்படுத்திய அந்த நாட்டுக்கே நற்செய்தியுடன் சென்றார்.

அவர் எழுதியவற்றுள் இரண்டு இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று, தம் வாழ்வைத் தாமே அறிக்கையிடும் நூல். மற்றொன்று, புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களைக் கொன்றும் அடிமைகளாகப் பிடித்தும் சென்ற கொரோட்டிக்குஸ் என்பவனின் வீரர்களைக் கண்டித்து எழுதிய மடல். அடிமையாய் இருந்தவர் அடிமைகளுக்காக எழுதிய மடல் அது. அவர் பாம்புகளை விரட்டினார் என்றும், மூவிதழ் இலையைக் காட்டி மூவொரு கடவுளை விளக்கினார் என்றும் சொல்லப்படுபவை பிற்காலத்துக் கதைகள். கதையைக் காட்டிலும் அவருடைய உண்மை வாழ்வே எங்களைக் கவர்ந்தது. 'உயர்குடியினர்' என்று பெயர் வைக்கப்பட்ட பிள்ளை, அடிமையாகி, அந்த அடிமைத்தனத்தின் வழியாகவே உயர்ந்தார்.

பெயரைச் சொல்லக் கூசியவர்கள்

இன்னொரு செய்தி எங்களை வியப்பில் ஆழ்த்தியது. அயர்லாந்து மக்கள் பல நூற்றாண்டுகள் வரை தம் பிள்ளைகளுக்குப் பேட்ரிக் என்று பெயரிடவில்லை. அத்தனை பெரிய புனிதரின் பெயரைச் சொல்லி ஒரு சிறுவனை, 'இங்கே வா, அங்கே போ' என்று ஏவுவதா என்று அஞ்சினார்கள். அதனால், 'பேட்ரிக்கின் பணியாளன்' என்னும் பொருள்படப் பெயர் வைத்தார்கள். 'கில்லா பாட்ரிக்' என்பது அத்தகைய பெயர்களுள் ஒன்று. பிட்ஸ்பேட்ரிக் என்ற குடும்பப் பெயர் அதிலிருந்து வந்ததே. பதினேழாம் நூற்றாண்டுக்குப் பிறகே வெறும் பேட்ரிக் என்ற பெயர் அங்கே வீடுதோறும் பரவியது.

இது நமக்குப் புதிதா? அந்தோணிதாஸ், மரியதாஸ், சேசுதாஸ், அருள்தாசன் என்று நம் வகுப்பில் எத்தனை பேருடைய தந்தையர் பெயர் இருக்கிறது! 'தாசன்' என்றாலும் 'கில்லா' என்றாலும் பொருள் ஒன்றே. ஆயிரக்கணக்கான மைல் தொலைவில், நம் மொழியை அறியாத மக்கள், நம் பாட்டன்மாரைப் போலவே பணிவோடு சிந்தித்திருக்கிறார்கள் என்று அறிந்தபோது, அந்தப் பெயர் எங்களுக்குச் சற்று நெருங்கி வந்தது.

'பேடி'யும் 'சாமி'யும்

இவ்வாறு அஞ்சி அஞ்சிச் சொன்ன பெயர், பின்னர் ஏளனச் சொல்லாகவும் ஆயிற்று. பேட்ரிக் என்பதைச் செல்லமாகச் சுருக்கினால் 'பேடி'. (நெல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை, அது மலாய் மொழியிலிருந்து வந்தது.) 1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் மாண்டனர். மேலும் பத்து இலட்சம் பேர் கப்பலேறிப் பிற நாடுகளுக்குச் சென்றனர். கந்தலும் பசியுமாக வந்து இறங்கியவர்களை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பலர் 'பேடி' என்று பொதுப்பெயரிட்டு அழைத்தார்கள். பேடி என்றால் குடிகாரன், மூடன், சண்டைக்காரன் என்று வேடிக்கைக் கதைகள் கட்டினார்கள். நகைச்சுவை இதழ்களில் அவர்களைக் குரங்கு முகத்துடன் வரைந்தார்கள். வேலைக்கு ஆள் தேடும் விளம்பரங்கள் சிலவற்றில், அயர்லாந்துக்காரர் விண்ணப்பிக்க வேண்டாம் என்றே எழுதியிருந்தார்கள். தாய் வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர், தெருவில் வசைச் சொல்லாயிற்று.

இதைப் படித்தபோது எங்களுக்கு வேறொரு கப்பல் நினைவுக்கு வந்தது. அது நம் சென்னையிலிருந்தே புறப்பட்டது. 1860-ஆம் ஆண்டு, 'ட்ரூரோ' என்னும் கப்பல் ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு சென்று, நவம்பர் 16-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதன் பின்னும் பல கப்பல்கள் சென்றன. அங்கே நம்மவர் பெயர்கள் இராமசாமி, முனுசாமி, குப்புசாமி என்று முடிவதைக் கேட்ட வெள்ளையர், இந்தியர் எவரையும் 'சாமி' என்று இழிவாக அழைக்கத் தொடங்கினார்கள். உழைப்பின் ஊதியத்தைக் குறிக்கும் 'கூலி' என்னும் நம் சொல்லும் வசையாயிற்று. 1893-இல் அங்கே சென்ற காந்தியடிகளையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். 'சாமி என்றால் தலைவன் என்று பொருள். நான் உமக்குத் தலைவன் அல்லேன்' என்று சாமர்த்தியம் உள்ள இந்தியர்கள் திருப்பிச் சொல்வதுண்டு என்று காந்தியடிகள் தம் வாழ்க்கை வரலாற்றில் குறிப்பிடுகிறார்.

'பேடி'யும் 'சாமி'யும் ஒரே துன்பத்தை அனுபவித்த சகோதரர்கள் அல்லரா? பெயரில் குற்றமில்லை. அதை உச்சரித்த நாவில்தான் குற்றம் இருந்தது.

சென்னைக்கு வந்த பெயர்

அயர்லாந்துக்கும் நம் நகருக்கும் உள்ள உறவு நெடியது. 1842-ஆம் ஆண்டு, பிரசன்டேஷன் சபைக் கன்னியர் சிலர் அயர்லாந்திலிருந்து கடல் கடந்து சென்னைக்கு வந்து, இன்று ஜார்ஜ் டவுன் என்று வழங்கும் பகுதியில் பெண் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டத் தொடங்கினார்கள். 1875-ஆம் ஆண்டு, புனித பேட்ரிக்கின் பெயரையே தாங்கிய அயர்லாந்துத் துறவற சகோதரர்கள் வந்தார்கள். அடையாற்றில் உள்ள புனித பேட்ரிக் பள்ளி அவர்கள் உழைப்பால் வளர்ந்தது. மளிகைக் கடை அண்ணாச்சி சொன்ன பள்ளி அதுவே. பரங்கிமலையிலும் புனித பேட்ரிக்கின் பெயரில் ஓர் ஆலயம் இருக்கிறது.

அப்படியிருந்தும் இந்தப் பெயர் பாட்டியின் வாயில் ஏன் நுழையவில்லை? சகோதரி இதற்கு நல்ல விளக்கம் தந்தார்கள். பழங்காலத்தில் வந்த பெயர்கள் தமிழ் உடை உடுத்திக்கொண்டன. பேதுரு 'இராயப்பர்' ஆனார். பவுல் 'சின்னப்பர்' ஆனார். அருளானந்தர், சவேரியார், யாகப்பர் என்ற பெயர்களை யாரும் அந்நியம் என்று சொல்வதில்லை. சூசையப்பரை வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் 'வளன்' என்றே பாடினார். நம் இராயபுரம் என்ற பெயரும் இராயப்பரிடமிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலேயர் காலத்தில் வந்த பெயர்கள், இறங்கிய உடையிலேயே நின்றுவிட்டன. அதனால்தான் பேட்ரிக் இன்னும் 'துரை'யாகத் தெரிகிறார்.

பழகினால் எந்தப் பெயரும் நம்முடையதாகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. காத்திவாக்கத்தில் இரயிலேறினால் சென்னை செல்லும் வழியில் அடுத்த நிலையம் விம்கோ நகர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்ற தீப்பெட்டித் தொழிற்சாலையின் ஆங்கில முதலெழுத்துகள்தாம் 'விம்கோ'. கீரை விற்கும் ஆயாவும் இன்று அதைத் தம் ஊர்ப் பெயராகச் சொல்கிறார். ஒருவரும் நாக்குச் சுளுக்கிக்கொள்வதில்லை.

பெயரைக் கேட்டு எடை போடுதல்

பெயரை வைத்து ஆளை எடை போடுவது படித்தவர்களிடமும் உண்டு. கெவின் என்பது அயர்லாந்தின் மற்றொரு புனிதரின் பெயர். இப்போது நம் பங்கிலும் அப்பெயருடைய சிறுவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனி நாட்டில் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் 2009-ஆம் ஆண்டு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. கெவின் என்ற பெயரைக் கேட்டவுடன், 'குறும்புக்காரன், படிப்பில் பின்தங்கியவன்' என்று பலர் நினைத்தது தெரியவந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே வருகைப் பதிவேட்டில் பெயரைப் பார்த்து முடிவு செய்துவிட்டால், அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

இந்த வலி எங்களுக்கும் தெரியும். ஒருமுறை நகருக்குள் நடந்த பேச்சுப் போட்டி ஒன்றுக்குச் சென்றிருந்தோம். "எந்த ஊர்?" என்று கேட்டார்கள். "காத்திவாக்கம்" என்றோம். "ஓ, அந்தப் புகை ஊரா?" என்று ஒரு மாணவி கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். மேடையேறியபோது எங்கள் தோழிக்குப் பாதிப் பேச்சு மறந்துவிட்டது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970 முதல் 2017 வரை இயங்கியது. அதன் சாம்பலை நாங்கள் அறிவோம். ஆனால் காத்திவாக்கம் என்றால் அது மட்டுமா? விடியுமுன் கடலுக்குப் போகும் தந்தையர் இல்லையா? கொசத்தலை ஆறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில் இடுப்பளவு நீரில் நின்று இறால் பிடிப்பவர்கள் இல்லையா? ஊர்ப் பெயரைக் கேட்டவர்கள் புகையை மட்டும் கண்டார்கள், எங்களைக் காணவில்லை.

நாங்கள் செய்த பிழை

இப்போது, தொடக்கத்தில் மறைத்து வைத்ததைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் பேட்ரிக் என்ற பெயருடைய சிறுவன் ஒருவன் இருக்கிறான். ஏழாம் வகுப்பு. அவனுக்கு 'பேட்டரி' என்று பெயர் சூட்டியவர்கள் வேறு யாருமல்லர், நாங்களே. ஓட்டப் பந்தயத்தில் அவன் பின்தங்கினால், "பேட்டரி தீர்ந்துபோச்சு" என்போம். மின்சாரம் நின்றால், "பேட்டரியைக் கூப்பிடு" என்போம். நாளடைவில் தெருவே அப்படி அழைத்தது. அவன் முதலில் சிரித்தான். பிறகு விளையாட வருவதை நிறுத்தினான். யாராவது புதியவர்கள் பெயர் கேட்டால், 'ராஜா' என்று வீட்டுப் பெயரைச் சொல்கிறான் என்று அவன் அம்மா எங்களிடம் வருத்தப்பட்டதுண்டு. அப்போதும் எங்களுக்கு உறைக்கவில்லை.

'பேடி' என்று சிரித்தவர்களையும் 'சாமி' என்று ஏசியவர்களையும் பற்றிக் குறிப்பேட்டில் எழுதி முடித்த அன்று மாலை, எங்களுள் ஒருத்தி எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, "நாமும் அதைத்தானே செய்தோம்?" என்றாள். யாரும் மறுமொழி சொல்லவில்லை.

மறுநாள் அவன் வீட்டுக்குச் சென்றோம். மன்னிப்புக் கேட்பது நாங்கள் எண்ணியதைவிடக் கடினமாக இருந்தது. "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்து நின்றான். அவன் பெயருக்குரிய புனிதரின் வரலாற்றைச் சொன்னோம். நிமிர்ந்து கேட்டான். "நெசமாவே அந்தச் சாமி மந்தை மேச்சாரா? ஆறு வருசமா?" என்று இருமுறை கேட்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் புதிய ஆசிரியை பெயர் கேட்டபோது, அவன் பேட்ரிக் என்று சொன்னதைப் பின் பெஞ்சிலிருந்து கேட்டோம். அதைவிடப் பெரிய பரிசு இக்கட்டுரைக்குக் கிடைக்கப்போவதில்லை.

முடிவுரை

தோழியின் வீட்டிலும் எங்கள் குறிப்பேட்டைப் படித்துக் காட்டினோம். பதினாறு வயதில் பெற்றோரிடமிருந்து பிடித்துச் செல்லப்பட்ட பகுதி வந்தபோது, அதுவரை பேசாதிருந்த அம்மா, "அவரும் ஒரு தாய்க்குத் தப்பி வந்த பிள்ளைதானே? அந்தப் பேரே இருக்கட்டும்" என்றார். மே மாதத்தில் குழந்தைக்குப் பேட்ரிக் என்றே திருமுழுக்குக் கொடுத்தார்கள். பாட்டி மட்டும் தோற்கவில்லை. 'பத்திரிக்கு' என்று இரண்டு நாள் சொல்லிப் பார்த்தார். மூன்றாம் நாள் அது 'பத்து' என்றாகிவிட்டது. "பத்து, வாடா கண்ணு" என்று அவர் கூப்பிட்டால் குழந்தை திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். இராயப்பருக்கும் சின்னப்பருக்கும் அன்று நம் முன்னோர் செய்ததை, இன்று பாட்டி செய்திருக்கிறார்.

அன்புத் தோழியரே! பெயர் வெறும் பாத்திரம். அதில் மதிப்பை நிரப்புவதும் ஏளனத்தை ஊற்றுவதும் அழைப்பவர் கையில் இருக்கின்றன. ஆண்டவர் சீமோனைக் கண்டபோது, அவருடைய மீன் நாற்றத்தையோ முன்கோபத்தையோ வைத்துப் பெயரிடவில்லை. அவர் ஆகப் போவதைக் கண்டு 'பாறை' என்று பெயரிட்டார். நாமும் ஒருவரை அழைக்கும்போது, அவர் தலை நிமிரும்படி அழைப்போம். வருகிற கல்வியாண்டில் நம் வகுப்பறைகளில் பட்டப் பெயர்கள் ஒழிந்து, ஒவ்வொருவரும் தத்தம் பெயராலேயே அழைக்கப்படுவார்களாக.